கணக்கில் மனிதர் எங்கே நிற்கிறார்?

ஓர் ஏரியிலிருந்து எவ்வளவு நீர் எடுக்கலாம், ஒரு கடற்பகுதியில் ஆண்டுக்கு எத்தனை டன் மீன் பிடிக்கலாம் என்று முடிவெடுப்பவர்களின் மேசைக்கு இன்று பெரும்பாலும் ஏதேனும் ஒரு கணினி மாதிரியின், அதாவது இயற்கையின் போக்கைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் கணக்கின், முடிவுகள் வந்து சேர்கின்றன. அத்தகைய மாதிரிகளைக் கட்டுவதும் பிறர் கட்டியவற்றைச் சரிபார்ப்பதும் என் தொழில். என்னிடம் வரும் பல மாதிரிகளில் மழைக்கும் மண்ணுக்கும் மீனின் இனப்பெருக்கத்துக்கும் நுணுக்கமான சமன்பாடுகள் இருக்கும். மனிதர் எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு மட்டும் மாறாத ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைக் குறித்துத்தான் எச்சரிக்க விரும்புகிறேன்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் 1968இல் சுமார் 8 லட்சம் டன் காட் மீன் பிடிக்கப்பட்டது. 1980களில் மீன் இருப்பை மதிப்பிட்டவர்கள், வணிகப் படகுகள் செலவிடும் நேரத்துக்கு எவ்வளவு மீன் கிடைக்கிறது என்ற அளவைப் பெரிதும் நம்பினார்கள். அந்த அளவு குறையாததால் இருப்பும் குறையவில்லை என்று கணக்கு சொன்னது. ஆனால் மீன் குறையக் குறைய, எஞ்சியவை ஓரிடத்தில் திரண்டன. மேம்பட்ட கருவிகளைக் கொண்டு மீனவர்கள் அந்தத் திரள்களையே தேடிச் சென்று வலை இழுத்தார்கள். மனிதரின் திறமை கூடியதை மாதிரி மீனின் வளமாக எடுத்துக்கொண்டது. 1992 ஜூலையில் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டபோது ஏறத்தாழ 30,000 பேர் வேலையிழந்தனர். அந்தத் தடை முறைப்படி விலக்கப்பட 32 ஆண்டுகள் ஆயின.

மக்களைச் சரியாகச் சேர்த்த மாதிரிக்கு, நான் மிகவும் மதிக்கும் எடுத்துக்காட்டு இந்தோனேசியாவின் பாலித் தீவில் உள்ளது. அங்கே சுபக் எனப்படும் பாசனச் சங்கங்கள் தங்கள் நடவுக் காலத்தை நீர்க்கோயில்களின் வழியாக ஒருங்கிணைத்து வந்தன. எல்லோரும் ஒரே சமயத்தில் நட்டால் தண்ணீர் போதாது. ஆளுக்கொரு சமயத்தில் நட்டால் நெற்பயிரைத் தாக்கும் புகையான் பூச்சிக்கும் எலிக்கும் ஆண்டு முழுவதும் தீனி கிடைக்கும். 1970களில் புதிய நெல் ரகங்களுடன், இயன்ற போதெல்லாம் நடுங்கள் என்ற அறிவுரையும் வந்தது. பழைய ஒருங்கிணைப்பு குலைந்த இடங்களில் பூச்சியும் எலியும் பெருகின. மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் 172 சுபக்குகளைக் கணினிக்குள் அமைத்து, அண்டைச் சங்கம் கூடுதல் விளைச்சல் கண்டால் அதன் பயிர்முறையைப் பின்பற்றட்டும் என்ற எளிய விதியைக் கொடுத்தார்கள். கோயில்கள் பேணிவந்ததை ஒத்த நடவு ஒழுங்கு அந்த விதியிலிருந்தே உருவாயிற்று. மனிதர் பார்த்துக் கற்கிறார் என்பதைச் சமன்பாட்டில் எழுதியதால்தான் இது புலப்பட்டது.

மனிதர் தம் நடத்தையை மாற்றிக்கொள்வதைக் கணக்கில் சேர்க்காத சிக்கல் வெள்ளத் தடுப்புக் கரைகளிலும் உண்டு: கரை உயர்ந்ததும் அதை நம்பி வீடுகள் பெருகுகின்றன, அரிதாக வரும் பெருவெள்ளத்தின் இழப்பு முன்னைவிடக் கூடுகிறது.

மனித நடத்தைக்கு எழுதப்படும் விதிகள் நீரோட்டத்தின் விதிகளைப் போல உறுதியானவை அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் மாறாத எண்ணும் ஓர் அனுமானமே, அதுவும் பெரும்பாலும் மிக மோசமான அனுமானம். ஆகவே உங்கள் ஆற்றையோ கடலையோ பற்றிய திட்டம் ஒன்று மாதிரியைக் காட்டி முன்வைக்கப்பட்டால், மக்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று அதில் கொள்ளப்பட்டிருக்கிறது என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்; அதை மாற்றினால் முடிவு எவ்வளவு மாறுகிறது என்று மீண்டும் ஓட்டிக் காட்டவும் சொல்லுங்கள். ஏற்கெனவே கட்டி முடித்த மாதிரிக்கு அது பெரும்பாலும் சில நாள் வேலைதான்.