ஊசி உள்ளே இருக்கும்போது வாயைத் திறந்து சொல்லுங்கள்

முழங்கால் வலிக்காக என்னிடம் அக்குபங்சர் (மருந்தில்லாத மெல்லிய ஊசியைப் போடும் சீன முறை) செய்துகொள்ள வந்த ஒரு அம்மா, ஊசி போட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். "என்னம்மா, வலிக்குதா?" என்றேன். "ஊசின்னா வலிக்கத்தானே செய்யும், நீங்க பாருங்க" என்றார். துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது: ஊசி போட்ட இடத்திலிருந்து பாதம் வரை கரண்ட் அடித்த மாதிரி இழுக்கிறதாம். ஊசியைச் சற்று மேலே இழுத்துக் கோணத்தை மாற்றியதும் இழுப்பு நின்றது. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அதே ஊசியை நான் திருகியிருப்பேன்.

அந்த ஊசி போட்ட இடம் ட்சுசான்லி என்ற புள்ளி. முழங்கால் சில்லுக்குக் கீழே உங்கள் நான்கு விரல் அகலம், அங்கிருந்து முன்னெலும்பைத் தாண்டி வெளிப்பக்கமாக ஒரு விரல். சீன முறையில் அளவுகோல் நோயாளியின் விரல்தான். கட்டைவிரல் அகலம் ஒரு சுன். இந்த இடத்தில் தசைக்கு அடியில் நரம்பு ஓடுகிறது. அதைத் தொட்டால் சுரீரென்று ஓடும். அப்படி ஓடினால் உடனே சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளக் கூடாது.

பாரம்பரிய சீன முறையில் நாங்கள் தேடுவது வேறொரு உணர்வு. அதற்குப் பெயர் தே ச்சி, அதாவது 'ச்சி வந்து சேர்தல்'. ச்சி என்பது உடலில் ஓடுவதாகச் சீன மரபு சொல்லும் உயிர்ச்சக்தி. அதைச் சீனர்கள் நான்கு சொற்களில் சொல்வார்கள். நம் பேச்சில் சொன்னால் உளைச்சல், மரமரப்பு, விம்மல், பாரம். ஊசி பிடித்திருக்கும் விரலுக்கும் அது தெரியும். அதுவரை வெண்ணெயில் போவது போல இருந்த ஊசியைத் தசை லேசாகக் கவ்வும். தூண்டிலில் மீன் கடிக்கும்போது மிதவை அமிழ்ந்து எழுவது போல என்பது பழைய சீன உவமை. பல வருஷம் ஊசி பிடித்த பிறகும், இதைவிடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த உணர்வை வரவைக்கத்தான் ஊசியை ஏற்றி இறக்குவதும் திருகுவதும். மெதுவாக, சிறிய சுற்றாகத் திருகினால் ச்சிக்கு வலுவூட்டல். வேகமாக, பெரிய சுற்றாகத் திருகினால் தணித்தல் என்பது மரபு. இரண்டு பக்கமும் மாறி மாறித் திருக வேண்டும். ஒரே பக்கம் திருகிக்கொண்டே போனால் தசைநார் ஊசியில் சுற்றிக்கொண்டு, ஊசி சிக்கிவிடும். ஊசி உள்ளே இருக்கும்போது நீங்கள் காலை மடக்கினாலும் இதே கதைதான். சிக்கிய ஊசியைப் பிடுங்கக் கூடாது. சற்று விட்டு, சுற்றிலும் தடவிக்கொடுத்தால் தசை தானாகவே விடும்.

முதல் முறை வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு வர வேண்டாம். மயக்கம் வரலாம். படுத்த நிலையில் போட்டுக்கொள்வது நல்லது. உறையைக் கண் முன்னால் பிரித்து, ஒரே முறை பயன்படுத்தும் ஊசியைத்தான் போடுகிறார்களா என்று பாருங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகளுக்குக் கைப்பெருவிரல் இடுக்கில் இருக்கும் ஹெகு புள்ளியைத் தவிர்ப்பது சீன மரபிலேயே உள்ள விதி.

எனக்கு அதிகம் பயம் தோள்பட்டையில்தான். கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில், எல்லோரும் 'இங்கதான் இறுகிக் கெடக்கு' என்று காட்டும் இடம், ஜியான்ஜிங். அதற்கு நேர் கீழே நுரையீரலின் உச்சி. ஒல்லியானவர்களுக்கு இடைவெளி மிகக் குறைவு. அங்கே நேராக ஆழமாகக் குத்தவே கூடாது. தசையை விரலால் பிடித்துத் தூக்கி, மேலோட்டமாகப் போட வேண்டும். ஊசி நுரையீரலைத் தொட்டுவிட்டால் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கும். அது உடனே தெரியாமல், வீட்டுக்குப் போய்ச் சில மணி நேரம் கழித்தும் தெரியலாம். தோளிலோ, மேல் முதுகிலோ, மார்பிலோ ஊசி போட்ட பிறகு மூச்சு இழுக்கும்போது நெஞ்சு குத்தினால், மூச்சு வாங்கினால், வறட்டு இருமல் வந்தால், எங்களுக்குப் போன் செய்து காத்திருக்காதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்குப் போய், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு ஊசி போட்டது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.