பூசணிப் பிஞ்சு ஏன் வெம்பி விழுகிறது?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆடியில் புழக்கடையில் ஊன்றிய மஞ்சள் பூசணி, ஆவணியில் சுற்றுச்சுவர் மேலேறிப் பூத்துத் தள்ளும். காய் மட்டும் நிற்காது. எலுமிச்சை அளவுக்குப் பிஞ்சு தெரியும். நாலைந்து நாளில் பூ இருந்த நுனி மஞ்சளாகி, சுருங்கி விழுந்துவிடும். தண்ணீர் போதவில்லை என்பார்கள், கண் பட்டுவிட்டது என்பார்கள். பெரும்பாலும் மகரந்தம் சேராததுதான் காரணம். இதைப் பிள்ளைகளே கண்டறிந்து பிள்ளைகளே சரிசெய்ய முடியும்.

பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இரண்டும் ஒரே கொடியில் வரும். ஆண் பூவுக்கு நீண்ட, மெல்லிய காம்பு. உள்ளே மஞ்சள் பொடி அப்பிய ஒற்றைத் தண்டு. பெண் பூவுக்குக் குட்டைக் காம்பு. பூ விரியும் முன்பே இதழுக்குக் கீழே குட்டிப் பூசணி உருண்டிருக்கும். உள்ளே மகரந்தத்தை ஏற்கும் பிசுபிசுப்பான, பிளவுபட்ட சூல்முடி. முதல் ஒரு வாரம், பத்து நாள் ஆண் பூவாகவே வரும். அது இயல்பு, கொடியைப் பிடுங்கிவிட வேண்டாம். ஆனால் கடும் வெயிலிலும், யூரியா அதிகமானாலும் பெண் பூ குறைந்துபோகும்.

பூசணி மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மையுள்ளது. காற்று அதைத் தூக்கிப் போகாது, தேனீதான் சுமக்க வேண்டும். பூ விடியலில் விரிந்து, வெயில் ஏறியதும் மூடிவிடும், மறுநாள் திறக்காது. அந்தச் சில மணி நேரத்தில் தேனீ வராவிட்டால் அந்தப் பிஞ்சு அவ்வளவுதான். சுற்றிலும் வீடுகளாக நெருங்கிவிட்ட தெருக்களில் இது அடிக்கடி நடக்கிறது.

முந்தின மாலையே மொட்டுகளைப் பாருங்கள். மஞ்சளேறி நுனி இளகியிருப்பவை மறுநாள் விரியும். காலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள் ஓர் ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழ்களை உரித்து, நடுத்தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் எல்லாப் பக்கமும் மெதுவாகத் தேய்க்க வேண்டும். குழந்தையின் விரலில் மஞ்சள் ஒட்டினால் மகரந்தம் தயார் என்று அர்த்தம். ஓர் ஆண் பூ இரண்டு பெண் பூவுக்குப் போதும். முடித்ததும் அந்தப் பெண் பூவின் காம்பில் வண்ண நூல் கட்டுங்கள். மழைத் தூறலில் நனைந்த மகரந்தம் வெடித்து வீணாகும். வானம் மூடியிருந்தால் இரவே மொட்டுகளுக்குக் காகிதப் பை மாட்டிவிடுங்கள்.

இன்னொரு பெண் மொட்டுக்கும் இரவே பை மாட்டி, தேய்க்காமல், அன்று முழுக்கப் பூச்சி புகாமல் விடுங்கள். ஐந்தாம் நாள் இரண்டையும் பிள்ளைகள் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். நூல் கட்டியது பளபளவென்று பருத்திருக்கும், மற்றது வெம்பியிருக்கும். எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் இந்தக் காட்சிக்கு ஈடாகாது.

தேய்ப்பது அரைகுறையானால் காய் கோணும். காயிலுள்ள ஒவ்வொரு விதைக்கும் ஒரு மகரந்தத் துகள் தேவை. வளரும் விதைகள் சுரக்கும் ஹார்மோன்களே சுற்றியுள்ள சதையைப் பருக்க வைக்கின்றன. கோணிய காயைக் குறுக்கே நறுக்கி, ஒடுங்கிய பக்கத்து விதைகளையும் பருத்த பக்கத்து விதைகளையும் எண்ணச் சொல்லுங்கள். கணக்கு தானே பேசும்.

ஒரே கொடி இருந்தால், பெண் பூ விரியும் நாளில் ஆண் பூ இல்லாமல் போகலாம். அதனால் ஒரு குழியில் இரண்டு கொடியாவது வேண்டும். குழி ஓர் அடி நீளம், அகலம், ஆழம். காய்ந்தால் இறுகிவிடும் நம் செம்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழுவுரம் கலந்து, ஐந்து விதை ஊன்றி, திடமான இரண்டை விட்டு மற்றதைக் களையுங்கள். கேழ்வரகுத் தாளை மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும்.

காலை நேரம் எல்லாக் கொடிக்கும் பொருந்தாது. பாகல் காலையில் விரியும். புடலையும் சுரையும் வெள்ளைப் பூக்காரர்கள். பொழுது சாய்ந்த பிறகே விரிந்து அந்துப்பூச்சிக்குக் காத்திருப்பவை. பீர்க்கன் பூவும் மாலையில்தான். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு இவை வசதி.

கையால் தேய்த்த பிஞ்சும் விழுந்தால், நறுக்கிப் பாருங்கள். தோலில் ஊசித் துளையும் பிசின் துளியும், உள்ளே வெள்ளைப் புழுவும் இருந்தால் அது பழ ஈயின் வேலை. அழுகிய பிஞ்சைக் கொடிக்கடியில் போடாமல் பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் வையுங்கள். அடுத்த பிஞ்சுக்குப் பூ வாடியதுமே காகிதப் பை மாட்டுங்கள்.