பட்டர் ஃப்ரூட் மேல் பழி போடாதீர்கள்

போன மே மாதம் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு அக்கா மகன் போன் செய்தான். "சித்தி, மூணு தடவை வாந்தி. அந்த மெக்ஸிகன் கடையில சாப்பிட்டதுதான். குவாகமோலே கறுத்துப் போய் இருந்துச்சு, அப்பவே நினைச்சேன்." எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய் என்று கேட்டேன். ஐந்தரைக்காம். என்ன சாப்பிட்டாய்? புரிட்டோ பௌல், சப்பாத்தி மாதிரி ரொட்டியில் சுருட்டாமல் கிண்ணத்தில் போட்டுத் தருவது. அதில் அடியில் என்ன இருந்தது?

"என்ன சித்தி, ரைஸ்தான்."

எனக்கு அங்கேயே பாதி பதில் கிடைத்துவிட்டது. நான் படித்தது உணவு நுண்ணுயிரியல், பதின்மூன்று வருடமாகச் செய்வது சென்னையில் சின்னச் சின்ன உணவகங்களின் சமையலறைகளைத் தணிக்கை செய்து, வேலை பார்க்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது. அவன் சாப்பிட்டதை யாரும் பரிசோதனைக்கு அனுப்பவில்லை, அதனால் இதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் சாப்பிட்டு மூன்றரை மணி நேரத்துக்குள், காய்ச்சல் இல்லாமல், வெறும் வாந்தியாக வந்தால் என் சந்தேகம் முதலில் சோற்றின் மேல்தான் போகும், அது எந்த நாட்டுச் சமையலாக இருந்தாலும்.

குவாகமோலே என்பது மசித்த பட்டர் ஃப்ரூட்தான் (அவகாடோ). முதலில் அந்தப் பாவப்பட்ட பட்டர் ஃப்ரூட்டை விடுதலை செய்துவிடலாம். வெட்டிய ஆப்பிளும் வாழைக்காயும் ஏன் கறுக்கின்றனவோ அதே காரணத்துக்குத்தான் அதுவும் கறுக்கிறது. சதையில் இருக்கும் ஒரு நொதி காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை அது. எலுமிச்சை பிழிந்தால் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். பார்க்க அசிங்கமாக இருக்கும், நிறத்தை மட்டும் வைத்துக் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. கெடுதல் செய்யும் சோறோ வெள்ளை வெளேர் என்று, வாசனை மாறாமல், மேலே கொத்தமல்லி தூவி, சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா, மண்ணிலிருந்தே கூட வருகிறது. அதன் வித்துகள் கொதிக்கிற உலையிலும் சாகாது. சோறு வெந்த பிறகு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் வித்து முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை விடும். அந்த நஞ்சுதான் வாந்தியைக் கொண்டுவருவது, பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள். இதில் மோசமான விஷயம், அந்த நஞ்சு சூட்டுக்கு அசையாது. திரும்பச் சூடாக்கினால் பாக்டீரியா சாகலாம், நஞ்சு அப்படியே இருக்கும். "நல்லா சுட வெச்சுத்தானே மேடம் குடுத்தோம்" என்று கடைக்காரர்கள் சொல்லும்போது அவர்கள் பொய் சொல்வதில்லை.

இப்போது உங்களில் ஒருவர் கேட்பார், அப்படியானால் பழைய சோறு? நம் பாட்டிகள் எல்லாம் ராத்திரி முழுக்க வெளியில்தானே வைத்தார்கள்? நல்ல கேள்வி, ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் யாராவது கேட்பார்கள். பழைய சோறு சும்மா வெளியில் கிடந்த சோறு இல்லை, தண்ணீர் ஊற்றிய சோறு. ராத்திரியில் அதில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி நீரைப் புளிக்க வைக்கின்றன. புளிப்பு ஏற ஏற பேசில்லஸுக்குக் கை ஓடாது. பௌலில் போடுகிற சோறோ உதிரியாக, எண்ணெய் தடவி, புளிப்பே இல்லாமல் இருக்கிறது. பரிமாறும்போது மேலே பிழிகிற எலுமிச்சை ருசிக்கு மட்டுமே, அதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும்.

போன வருடம் நான் தணிக்கைக்குப் போன ஒரு கடையைச் சொல்கிறேன். அவன் சாப்பிட்ட கடை இல்லை, பெயரும் வேண்டாம். தென் சென்னையில் எட்டு மேஜை, கண்ணாடிக் கவுண்டர், சுவரில் ஒரு சோம்ப்ரேரோ தொப்பி. நீங்கள் விரலைக் காட்டக் காட்ட அள்ளிப் போடுவார்கள். நான் போனது மாலை நான்கு மணி, மதியக் கூட்டம் போய் ராத்திரிக் கூட்டம் வராத நேரம், எங்கள் தொழிலில் தணிக்கைக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. உரிமையாளர் பேன்மேரியை, அதாவது கீழே வெந்நீரும் மேலே பேன் என்கிற உணவுப் பாத்திரமும் உள்ள தொட்டியைக் காட்டி, "ஆவி பறக்குது பாருங்க மேடம்" என்றார். பறந்தது உண்மைதான். தெர்மாமீட்டரைச் சோற்றின் ஓரத்தில் குத்தினேன், 58. நடுவில் குத்தினேன், 41. பேனைத் தூக்கிப் பார்த்தால் கீழே தண்ணீர் இரண்டு விரல் உயரத்துக்குத்தான் இருந்தது, பேனின் அடியைத் தொடவே இல்லை. அந்த ஆவி தண்ணீரிலிருந்து வந்தது, சோற்றிலிருந்து இல்லை. உள்ளே இருந்த பையனிடம் எப்போது வடித்தது என்றேன். "பதினொரு மணிக்கு அக்கா. மூணு மணிக்கு ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட்டு அஞ்சரைக்குப் போடுவோம், கரண்ட் பில்லு எகிறுது." அவன் ஒளிக்கவில்லை, அது தப்பென்றே அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

சூடாக வைப்பதென்றால் 60 டிகிரிக்கு மேல், குளிராக என்றால் 5-க்குக் கீழ். நடுவில் இருப்பதுதான் ஆபத்தான இடம். பேன்மேரி சூட்டைத் தாங்கிப் பிடிக்கிற சாமான், ஆறிய சோற்றைச் சூடாக்குகிற சாமான் இல்லை. மிச்சத்தை எடுத்து வைப்பதானால் வடித்த கையோடு அகலத் தட்டில் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்பி, சீக்கிரம் ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். அண்டாவோடு உள்ளே தள்ளினால் நடுப்பகுதி ராத்திரி முழுக்க வெதுவெதுப்பாகவே இருக்கும்.

பௌலில் போடுகிற பீன்ஸ் (காய் இல்லை, ராஜ்மா மாதிரிக் கொட்டை) கதையும் ஏறக்குறைய இதுவே, பாக்டீரியா மட்டும் வேறு. கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ், பெரிய பாத்திரத்தில் மெதுவாக ஆறும் கெட்டியான உணவில் வளரும். 2018-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மெக்ஸிகன் பாணிச் சங்கிலி உணவகம் ஒன்றின் ஒரே கிளையில் சாப்பிட்ட 600-க்கும் மேற்பட்டவர்கள் படுத்தது இதனால்தான். இது பெரும்பாலும் எட்டிலிருந்து பதினாறு மணி நேரம் கழித்து வயிற்றுப்போக்காக வரும். அதாவது ராத்திரி சாப்பிட்டதற்குக் காலை இட்லிக் கடைக்காரர் திட்டு வாங்குவார். இன்னொன்று, இங்கே பல கடைகளில் பிளாக் பீன்ஸுக்குப் பதில் ராஜ்மாதான். அதை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கொதிக்க வேகவைக்க வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மாவுக்கென்று தனியாக ஒரு நஞ்சு உண்டு. குக்கரில் விசில் விட்டு வேகவைக்கும் நம் ஊர்ப் பழக்கத்தில் இது பெரிய கவலை இல்லை.

பழி இடம் மாறுவது நமக்கு மட்டும் நடப்பதில்லை. 2008-இல் அமெரிக்காவில் சால்மொனெல்லா பரவி 1,400-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டபோது, முதலில் பச்சைத் தக்காளியைத் தவிர்க்கச் சொன்னார்கள் (காய் இல்லை, வேகாத பழம்). சால்சாவில் இருப்பது தக்காளிதானே! தக்காளி விவசாயிகள் தலையில் துண்டு போட்ட பிறகுதான் கை ஹாலபீன்யோ, செரானோ மிளகாய்களைக் காட்டியது. காரமாக இருந்தால் கிருமி செத்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இந்தக் கதையை நான் தவறாமல் சொல்வேன்.

அப்புறம் மயோனைஸ். சிபோட்லே மயோ என்று ஆரஞ்சு நிறத்தில் பீய்ச்சுகிறார்களே, அதுதான். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது. தடை இருக்கிறதோ இல்லையோ, முட்டை இல்லாததா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சரி, சாப்பிடவே கூடாதா என்றால், நானே மாதம் ஒரு முறை போகிறேன். ஆனால் நான்கு மணிக்குப் போக மாட்டேன், கூட்டம் இருக்கும் நேரத்தில்தான் போவேன், அப்போதுதான் பேன் காலியாகிப் புதிது வரும். ஆவியைப் பார்க்க மாட்டேன், முதல் வாய் சோற்றைத் தொட்டுப் பார்ப்பேன். வெதுவெதுப்பாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன், கூச்சப்பட்டு என்ன ஆகப்போகிறது. பாதி புரிட்டோவைப் பையில் போட்டு ஆபீஸ், டியூஷன், பீச் என்று சுற்றிவிட்டு ராத்திரி மைக்ரோவேவில் வைத்துச் சாப்பிடுகிற வேலையே கிடையாது. 32 டிகிரிக்கு மேல் போகிற நாளில் சமைத்த உணவை வெளியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்பார்கள், சென்னையில் அது வருடத்தில் பாதி நாள். பில்லைத் தூக்கிப் போட வேண்டாம். 2022 முதல் அதில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருக்க வேண்டும், புகார் கொடுக்க அது உதவும்.

அக்கா மகன் இரண்டு நாளில் தேறிவிட்டான், ஓஆர்எஸ் குடித்தே. போன வாரம் என்னையும் இழுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனான். கவுண்டரில் நின்று, நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே, "அண்ணா, ரைஸ் எப்ப வடிச்சது?" என்றான். அந்தப் பையன் உள்ளே எட்டிப் பார்த்து யாரையோ கேட்டுவிட்டு வந்தான். "மதியம் வடிச்சதுதான், ஆனா சூடாதான் இருக்கு."

இவன் என்னைப் பார்த்தான். நாங்கள் ஆளுக்கு இரண்டு டாக்கோ சொன்னோம், ரைஸ் இல்லாமல்.