சொல் விளக்கம்: கிளாஸ்குவேக் – வர்க்க நடுக்கம்

1976 பிப்ரவரி 4, விடிவதற்கு முன் மூன்று மணி. ஊரே தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டில், நிலத்தட்டுகள் உரசும் மோத்தாகுவா பிளவு அசைந்தது. நிலநடுக்கத்தின் அளவு 7.5. சுமார் 23,000 பேர் இறந்தார்கள், பத்து லட்சம் பேருக்கு மேல் வீடிழந்தார்கள். அந்த அழிவை ஒரு பத்திரிகையாளர் 'எர்த்குவேக்' என்று சொல்லாமல் 'கிளாஸ்குவேக்' என்றார். அவ்வளவு குறி தவறாமல் அது ஏழைகள்மேல் விழுந்திருந்தது.

தலைநகரில் வசதியுள்ளவர்களின் கான்கிரீட் வீடுகள் பெரும்பாலும் நின்றன. ஓடைப் பள்ளங்களின் சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த குடிசைகள் மண்ணோடு சரிந்தன. மலைப்பகுதியில் மாயா பூர்வகுடிக் குடியானவர்களின் வீடுகள் சூளையில் சுடாமல் வெயிலில் காயவைத்த மண் செங்கல்லால் ஆனவை. இந்தச் சுவர் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டில் ஆட்டினால் தாங்காது. இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் முதலில் நெடுக்காக விரிசல் விடும். பிடிப்பு போன சுவர் வெளியே சாயும். அப்புறம் மேலே இருக்கும் கனமான ஓட்டுக்கூரை அப்படியே கீழே, படுத்திருப்பவர்கள்மேல் இறங்கும். சுவரின் தலையில் நான்கு பக்கமும் சுற்றி, சுவர்களை ஒன்றாகப் பிடித்துக்கொள்ள ஒரு பெல்ட் போட்டிருந்தால் பல வீடுகள் ஆட்களைக் கொல்லாமல் நின்றிருக்கும். அதற்குத்தான் காசில்லை.

சரி, சொல்லுக்கு வருவோம். 'குவேக்' என்றால் நடுக்கம், பழைய ஆங்கிலச் சொல். 'கிளாஸ்' லத்தீனிலிருந்து வந்தது. ரோமானிய மரபுக் கதைப்படி, மன்னர் செர்வியுஸ் துல்லியுஸ் குடிமக்களைச் சொத்து மதிப்பின்படி ஐந்து பிரிவாகப் பிரித்தார். அந்தப் பிரிவின் பெயர்தான் 'கிளாஸிஸ்'. சொத்தை அளக்கப் பிறந்த சொல், இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு நில அதிர்வோடு வந்து சேர்ந்திருக்கிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'வகு' என்ற வேரிலிருந்து வரும் 'வகுப்பு' நல்ல தமிழ்ச்சொல்தான். ஆனால் இன்று அது பள்ளிக்கூடத்தையும் வகுப்புக் கலவரத்தையும் நினைவூட்டும். 'வர்க்கம்' வடசொல்லாக இருந்தாலும், 'வர்க்கப் போராட்டம்' வழியாக நம் பேச்சில் ஊறிவிட்டது. ஆகவே 'வர்க்க நடுக்கம்' என்பதே என் தேர்வு. நிலநடுக்கம் என்றால் நிலத்தின் நடுக்கம். வர்க்க நடுக்கம் என்றால் வர்க்கம் பார்த்து வந்த நடுக்கம். 'பூகம்பம்' என்பதிலும் 'கம்பம்' நடுக்கம்தான், ஆனாலும் 'வர்க்கக் கம்பம்' காதில் வேறு மாதிரி விழும்.

ஒரு நாட்டுக்குள் பிறந்த இந்தச் சொல் நாடுகளுக்கு இடையிலும் பொருந்தும் என்பதை 2010 காட்டியது. ஜனவரியில் ஹெய்ட்டியில் 7.0. பிப்ரவரியில் சிலியில் 8.8, அதாவது சுமார் 500 மடங்கு ஆற்றல். சிலியில் இறந்தவர்கள் 500 பேர் அளவில். ஹெய்ட்டியில் ஒரு லட்சத்துக்கும் மேல் என்பது பரவலான கணக்கு, அரசு மூன்று லட்சம் என்றது. ஹெய்ட்டி அதிர்வின் மையம் தலைநகரிலிருந்து 25 கிலோமீட்டர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தூரம் மட்டுமே காரணமில்லை. 1960இல் 9.5 அளவில் அடிவாங்கிய சிலியில் கடுமையான கட்டட விதி இருக்கிறது. கட்டமைப்பில் குறை தெரிந்தால் கட்டி விற்ற முதல் உரிமையாளர் பத்து ஆண்டுகள் வரை பொறுப்பு. ஹெய்ட்டியில் அப்போது விதியை அமல்படுத்த ஆளும் இல்லை, நல்ல சிமெண்டும் கம்பியும் வாங்க மக்களிடம் பணமும் இல்லை.

பணக் கணக்கு இதற்குத் தலைகீழ். சிலியின் இழப்பு சுமார் 3,000 கோடி டாலர், ஹெய்ட்டியின் இழப்பு 780 கோடி. ஆனால் அந்த 780 கோடி, ஹெய்ட்டி முந்தைய ஆண்டு முழுவதும் ஈட்டியதைவிட அதிகம்.

இதைத்தான் 'இயற்கைச் சீற்றம்' என்ற நம் செய்தித்தாள் வழக்கு மறைத்துவிடுகிறது. பிளவு அசைந்ததோடு இயற்கையின் வேலை முடிந்தது. யார் வீடு விழுந்தது என்பதை அது தீர்மானிக்கவில்லை.

அதற்காக எல்லா அதிர்வுக்கும் இந்தச் சொல்லை ஒட்டக் கூடாது. 1985இல் மெக்சிகோ நகரத்தில் பழைய ஏரிப்படுகையின் இளகிய மண், அதிர்வைப் பெருக்கி, 6 முதல் 15 மாடி வரையிலான கட்டடங்களையே அதிகமாகச் சாய்த்தது. அங்கே ஆள் பார்த்தது மண். அதற்கு நிலநடுக்கம் என்ற சொல்லே போதும்.