இரண்டு புள்ளிக் கண்கள்

'மவுஸ்' கிராஃபிக் நாவலின் இரண்டாம் பாகத்தில் ஒரு பக்கம். நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து கைதிகள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் வாத்தியக்குழு வாசிக்குமாமே என்று நாவலை வரையும் மகன் அப்பாவிடம் கேட்கிறார். அப்பா அந்த முகாமில் கிடந்து உயிர் தப்பியவர். வாத்தியமா, அப்படி எதுவும் ஞாபகமில்லை, வரிசையில் நடந்து போனது மட்டும்தான் ஞாபகம் என்கிறார். ஆவணங்களிலோ வாத்தியக்குழு இருக்கிறது. இப்போது மகன் எதை வரைவது? முதல் படக் கட்டத்தில் குழு வாசிக்கிறது. அப்பா மறுத்ததும் வரும் கட்டத்தில் கைதிகளின் வரிசை அதன் முன்னால் நடந்து அதை மறைத்துவிடுகிறது. உற்றுப் பார்த்தால் தலைகளுக்கு மேலே வாத்தியங்களின் நுனி மட்டும் எட்டிப் பார்க்கும்.

யார் சொன்னது சரி என்று புத்தகம் சொல்லவில்லை. இரண்டு கட்டங்களும் ஒரே தாளில் இருப்பதால் கண் மேலும் கீழும் போய் வருகிறது. சினிமா என்றால் இந்தக் காட்சி நம்மைக் கேட்காமலே ஓடி முடிந்திருக்கும்.

வரைந்தவர் ஆர்ட் ஸ்பீகல்மன். 1948-ல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். பெற்றோர் ஹிட்லரின் யூத இன அழிப்பில் தப்பிய போலந்து யூதர்கள். புத்தகம் 1986, 1991 என இரண்டு பாகங்களாக வந்தது, 1992-ல் புலிட்சர் சிறப்பு விருது பெற்றது. இதில் யூதர்கள் எலிகள், ஜெர்மானியர்கள் பூனைகள், போலந்துக்காரர்கள் பன்றிகள். கேட்டால் சிறுவர் கதை மாதிரி இருக்கும். படித்து முடித்தவர்கள் அன்றைக்குச் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள்.

எலிப் படத்துக்கு எங்கிருந்து வருகிறது இந்தச் சக்தி? பதிலில் ஒரு பகுதி உளவியல் ஆய்வகங்களில் கிடைக்கிறது. 1944-ல் ஹைடர், சிம்மல் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு குட்டிப் படம் எடுத்தார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம். மூன்றும் ஒரு பெட்டியைச் சுற்றி நகரும், அவ்வளவுதான். பார்த்தவர்களிடம் என்ன நடந்தது என்று கேட்டால், பெரிய முக்கோணம் ஒரு ரவுடி, மற்ற இருவரையும் துரத்துகிறான் என்று கதையே சொன்னார்கள். கோணமும் கோடுமாக மட்டும் விவரித்த ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

முகங்கள் விஷயத்திலும் மூளை இப்படித்தான். முகங்களைக் கண்டுகொள்வதற்கென்றே மூளையின் அடிப்பக்கத்தில் ஒரு பகுதி இருக்கிறது. இரண்டு புள்ளியும் கீழே ஒரு கோடும் போதும், அது விழித்துக்கொள்ளும். 'மவுஸ்' எலிகளுக்குப் பல கட்டங்களில் வாய்கூடக் கிடையாது. முகம் எவ்வளவு எளிதாகிறதோ அவ்வளவு பேர் அதற்குள் நுழைந்துகொள்ளலாம் என்று காமிக்ஸ் கோட்பாட்டாளர் ஸ்காட் மெக்ளவுட் 1993-ல் எழுதினார். இது ஓர் ஓவியரின் ஊகம், ஆய்வக முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த எலிகளோடு நூறு பக்கம் நடந்து பார்த்தால் மறுக்க மனம் வராது.

எலி தற்செயலான தேர்வும் இல்லை. 1940-ல் வந்த நாஜிப் பிரசாரப் படம் ஒன்று யூதர்களை எலிக்கூட்டத்தோடு சேர்த்துக் காட்டியது. விஷவாயு அறைகளில் பயன்பட்ட சைக்ளான் பி முதலில் பூச்சிக்கொல்லி. எலி என்ற அந்த வசையையே ஸ்பீகல்மன் எடுத்து அப்படியே வரைந்துவிட்டார். பாதிக் கதையில் அப்பாவும் அம்மாவும் போலந்துக்காரர்கள் போல வேஷம் போட்டுத் தெருவில் போகிறார்கள். முகத்தில் பன்றி முகமூடி. அம்மாவின் பின்னால் மட்டும் எலிவால் தொங்குகிறது, அவரைப் பார்த்தால் யூதர் என்று சுலபமாகத் தெரிந்துவிடுமாம். சிரிப்பு வருகிறது, உடனே வயிறு கலங்குகிறது.

(எலியை முகாமுக்குள் முதலில் கொண்டுபோனவர் ஸ்பீகல்மன் இல்லை. 1942-ல் பிரான்சின் கூர்ஸ் முகாமில் அடைபட்டிருந்த ஹார்ஸ்ட் ரோசந்தால், மிக்கி மவுஸ் அந்த முகாமில் மாட்டிக்கொள்வதாக ஒரு குட்டிப் படப்புத்தகம் வரைந்தார். அதே ஆண்டு அவரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொன்றார்கள்.)

அப்புறம், கட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடைவெளி. காமிக்ஸின் பாதி வேலை அங்கேதான் நடக்கிறது. கட்டங்களின் வரிசையைக் கலைத்துக் கொடுத்து மூளை மின்னலைகளை அளந்து பார்த்தவர் நீல் கோன் என்ற ஆய்வாளர். பொருந்தாத சொல் வாக்கியத்தில் வந்தால் எழும் அலைகளைப் போன்றவையே அங்கும் எழுந்தன. அதாவது, கட்டத்துக்குக் கட்டம் தாவும்போது மூளை சும்மா இருப்பதில்லை, இணைத்துக்கொண்டே போகிறது. ஸ்பீகல்மனின் அண்ணன் ரிஷ்யூ சிறுவனாக இருந்தபோது பெரியம்மா டோஷாவிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தான். யூதர்களை அடைத்து வைத்திருந்த அங்கிருந்த கெட்டோ குடியிருப்பை ஜெர்மானியர்கள் காலி செய்ய வந்தபோது, வாயு அறைக்குப் போக மாட்டேன் என்று டோஷா முடிவெடுக்கிறார். கழுத்தில் எப்போதும் விஷம் வைத்திருந்தவர். பிள்ளைகளை அழைக்கிறார். கொடுத்ததை ஸ்பீகல்மன் வரையவில்லை. நாம்தான் வரைந்துகொள்கிறோம்.

கொல்லப்பட்ட யூதர்கள் 60 லட்சம் பேர் என்ற எண் மனதில் ஒட்டுவதில்லை. இதையும் அளந்திருக்கிறார்கள். 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், பசியால் வாடும் ஒரே ஒரு சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள், லட்சக்கணக்கானோரின் புள்ளிவிவரம் படித்தவர்களைவிட அதிகப் பணம் கொடுத்தார்கள். சிறுமியோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தால் தொகை குறைந்துபோனது. 'மவுஸ்' அப்பா என்ற ஒற்றை ஆளை விட்டு நகராததன் பலன் இங்கே புரிகிறது. அந்த ஒற்றை ஆளும் உத்தமர் இல்லை. கஞ்சர், இரண்டாம் மனைவியோடு ஓயாத சண்டை, பாதி தின்ற உணவுப் பாக்கெட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்துக் காசு கேட்பவர். நம் வீட்டிலேயே இப்படி ஒரு தாத்தா இருக்கலாம்.

கடைசிப் பக்கங்களில், இத்தனை நூறு எலி முகங்களுக்குப் பிறகு, திடீரென்று ஒரு நிஜப் புகைப்படம். கோடு போட்ட கைதி உடையில் அழகான ஓர் இளைஞர். அப்பா. போர் முடிந்தபின் ஒரு ஸ்டூடியோவில், அங்கே புதிதாக, சுத்தமாக வைத்திருந்த கைதி உடையை மாட்டிக்கொண்டு, நினைவுக்காக எடுத்துக்கொண்ட படம் அது.