இடுப்பு ஆடும் டேபிள் டென்னிஸ்

அடுத்த முறை மதுரையில் புரோட்டா சாப்பிட உட்காரும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளுங்கள். இடது கை மடியில் இருக்கட்டும். மேசையின் எதிர்மூலையில் உள்ள சால்னா வாளியை வலது கையால் மட்டும் எட்டிப் பிடியுங்கள். கை நீளும் முன்பே வயிறும் முதுகும் இறுகுவது தெரியும். அந்தத் தசைகளுக்கு மூளையின் கட்டளை போய்ச் சேராதவர் இதையே செய்தால், வாளியைத் தொடும் முன் மேசைமேல் குப்புற விழுந்துவிடுவார்.

வீல்சேர் டேபிள் டென்னிஸைப் பார்க்கும்போது, "கை நல்லாத்தானே இருக்கு, அப்புறம் எதுக்குத் தனித்தனிப் பிரிவு?" என்று பக்கத்தில் யாராவது கேட்பார்கள். பதில் அந்த இடுப்பில்தான் இருக்கிறது.

சர்வதேசப் போட்டிகளில் மொத்தம் 11 பிரிவுகள். 1 முதல் 5 வரை வீல்சேரில் ஆடுபவர்கள், 6 முதல் 10 வரை நின்று ஆடுபவர்கள், 11 அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள். வீல்சேர் வரிசையில் எண் குறையக் குறையப் பாதிப்பு அதிகம். போலியோவா, பைக் விபத்தா, தென்னை மரத்திலிருந்து விழுந்ததா என்பதை வைத்து மட்டும் பிரிவு முடிவாவதில்லை. எந்தத் தசை எவ்வளவு வேலை செய்கிறது என்று படுக்கவைத்தும் உட்காரவைத்தும் சோதிப்பார்கள். பிறகு ஆட்டத்திலும் கவனிப்பார்கள்.

5-ஆம் பிரிவினருக்கு வயிறு, முதுகுத் தசைகள் முழுதாக வேலை செய்யும். 4-ஆம் பிரிவினர் நிமிர்ந்து உட்காருவார்கள், ஆனால் இடுப்பெலும்பை அசையாமல் பிடித்துவைக்க முடியாது. டோக்கியோவில் 2021 ஆகஸ்டில் வெள்ளி வென்று, பாராலிம்பிக்ஸ் டேபிள் டென்னிஸில் இந்தியாவின் முதல் பதக்கத்தைக் கொண்டுவந்த பவினா படேல் இந்தப் பிரிவுதான். 3-ஆம் பிரிவில் கைகள் ஏறக்குறைய நன்றாக இருக்கும், உட்காரும் சமநிலை இருக்காது. மட்டை பிடிக்காத கையைப் பாருங்கள்: சக்கரத்தையோ நாற்காலியையோ பற்றிக்கொண்டு முன்னே சாய்வார், அதே கையால் தன்னை இழுத்து நிமிர்த்துவார்.

1-ஆம் பிரிவு இன்னும் வியப்பானது. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டவர்கள் இதில் பலர். முழங்கையை மடக்கும் நரம்புகள் தண்டுவடத்தில் சற்று மேலே பிரிகின்றன. நீட்டும் தசைக்கானவை அதற்குக் கீழே. காயம் இரண்டுக்கும் நடுவே விழுந்தால் கை மடங்கும், தன் பலத்தில் நீளாது. அதனால் தோளிலிருந்து வீசி, முன்னங்கையைத் தானாகப் போகவிட்டுப் பந்தை அடிக்கிறார்கள். விரல்களுக்குப் பிடிமானம் இல்லாததால் மட்டையைக் கையோடு பட்டை போட்டுக் கட்டியிருப்பார்கள்.

இப்படிப்பட்ட இருவர் மோதும்போது வேகமான ஸ்மாஷுக்கு அவ்வளவு வேலையில்லை. எட்டாத இடத்தில் பந்தை வைப்பவர்தான் ஜெயிப்பார். உயரமாகத் தூக்கி, பின்சுழல் கொடுத்து, வலைக்கு அருகே இறக்குவார்கள். பின்சுழலில் பந்தின் அடிப்பக்கம் முன்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும். மேசையில் பட்டதும் உராய்வு அதைப் பின்னுக்கு இழுக்கும். முன்னேறும் வேகம் குறைவாகவும் சுழற்சி பலமாகவும் இருந்தால் பந்து வலையை நோக்கியே திரும்பிவிடும். எதிராளி பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இதைச் சர்வீஸிலேயே அனுமதித்தால் ஆட்டமே நடக்காது. ஆகவே வீல்சேர் ஒற்றையர் ஆட்டத்தில், எதிராளியின் பக்கம் விழுந்த சர்வீஸ் பந்து பக்கக் கோட்டைத் தாண்டினாலோ, வலைப்பக்கம் திரும்பினாலோ, மேசையிலேயே நின்றுவிட்டாலோ அது லெட். மறுபடி போட வேண்டும். ஆனால் சர்வீஸை எடுத்துப் பந்து மாறி மாறிப் போகத் தொடங்கிய பிறகு இந்தக் காப்பு கிடையாது. விதிகளை எழுதியவர்கள் இந்த எல்லையைச் சரியாகவே போட்டிருக்கிறார்கள் என்பேன். எட்டாத இடத்தைத் தேடும் தந்திரத்தையும் பறித்துவிட்டால் அப்புறம் என்ன ஆட்டம்? மேசையின் அளவிலும் வலையின் உயரத்திலும் மாற்றமில்லை. மேசைக் கால்கள் மட்டும் ஆடுபவர் பக்கத்து ஓரக் கோட்டிலிருந்து குறைந்தது 40 செ.மீ. உள்ளே இருக்க வேண்டும், முழங்கால் இடிக்காமலிருக்க.

1960-இல் ரோமில் நடந்த முதல் பாராலிம்பிக்ஸிலேயே டேபிள் டென்னிஸ் இருந்தது. ஒலிம்பிக்ஸுக்கு அது வந்தது 1988-இல்தான். இந்த 11 பிரிவுகளில் செவித்திறன் குறைந்தவர்களுக்கு இடமில்லை. அவர்களுக்கு 1924 முதலே டெஃப்லிம்பிக்ஸ் தனியாக நடக்கிறது. நம்ம மதுரைப் பொண்ணு ஜெர்லின் அனிகா பேட்மின்டனில் 2022-இல் பிரேசிலில் 3 தங்கம் வென்றது அந்த மேடையில். டேபிள் டென்னிஸும் அங்கே உண்டு.

நம்மூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று பாக்கி. பந்தின் எடை 2.7 கிராம்தான், ஃபேன் காற்றுக்கே திசை மாறும். அதனால் ஆடும்போது ஃபேனை நிறுத்திவிடுவது வழக்கம். மதுரைச் சித்திரை வெயிலில் மூடிய ஹாலில் மற்றவர்களுக்கு வேர்த்து ஊற்றும், உடம்பு ஓரளவு குளிரும். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டவருக்கோ காயத்துக்குக் கீழே வியர்வைச் சுரப்பிகளுக்குக் கட்டளையே போவதில்லை. உடம்பு சூடாகிக்கொண்டே போகும், தோல் காய்ந்திருக்கும். வேர்க்கவில்லை, களைப்பில்லை என்று பயிற்சியாளர் நினைத்துவிட்டால் ஆபத்து. முகத்திலும் கையிலும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு 6 புள்ளிக்கும் ஒருமுறை துண்டெடுக்க விதி அனுமதிக்கிறது. அந்த நேரத்துக்கு ஈரத் துண்டைத் தயாராக வைத்திருந்து கழுத்தில் போட்டுவிடலாம்.