அலையை உள்ளே விட்டு அடக்கும் கரி

வெள்ளவத்தையில் கடலோரமாக ஓடும் ரயில் பாதைக்குக் கீழே பெரிய பெரிய கருங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அலை வந்து கற்களுக்கிடையே புகுந்து, சந்துபொந்தெல்லாம் சுற்றி, நுரையாகி அடங்கிவிடும். காலிமுகத்திடலில் நேரான மதில் உள்ள இடத்தில் கதை வேறு. மோதிய அலையில் பெரும்பகுதி அப்படியே திரும்பும், வேடிக்கை பார்க்க வந்தவரையும் நனைத்துவிட்டு. ஒரு விமானம் ராடாருக்குத் தப்புவதும் ஏறக்குறைய இதே விஷயம்தான்.

ராடார் மின்காந்த அலையை அனுப்பிவிட்டு, எதிலாவது பட்டுத் திரும்புகிறதா என்று காத்திருக்கும். உலோகம் அதற்கு நல்ல மதில். உலோகத்திலுள்ள இலத்திரன்கள் வந்த அலைக்கு ஏற்ப உடனே ஆடி, அதே அலையைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. சரி, அப்படியானால் அலையை விழுங்கும் கறுப்பான எதையாவது மேலே பூசிவிட்டால் என்ன?

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். விழுங்குவதற்கு முன் அலை உள்ளே வர வேண்டும். வெற்றுவெளி ஓர் அலைக்குக் காட்டும் தடங்கல் ஏறத்தாழ 377 ஓம். பூச்சின் தடங்கல் அதிலிருந்து மிகவும் விலகிப்போனால், அலை வாசலிலேயே திரும்பிவிடும். மின்சாரம் நன்றாகக் கடத்தும் பொருளில் நடப்பது இதுதான். ஒன்றுமே கடத்தாத பொருளிலோ அலை ஊடுருவிப் பின்னாலுள்ள உலோகத்தில் பட்டுத் திரும்பி வரும். கொஞ்சம் கடத்த வேண்டும், அதிகம் கடத்தக் கூடாது. கறிக்கு உப்பு போடுகிற கணக்கு.

இந்தக் கணக்குக்குக் காபன் நனோகுழாய் நன்றாகப் பொருந்துகிறது. போகலையிலும் கஹட்டகஹவிலும் தோண்டியெடுக்கும் காரீயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். (பெயரில்தான் ஈயம், உள்ளே இருப்பது காபன்.) அது அணுத்தடிப்புள்ள தாள்களை அடுக்கியதுபோல இருக்கும். அப்படியொரு தாளைச் சுருட்டினால் வருவது நனோகுழாய். ஒற்றைச் சுவர்க் குழாயின் விட்டம் பெரும்பாலும் 1 முதல் 2 நனோமீற்றர், நீளம் அதைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். உண்மையில் யாரும் உட்கார்ந்து சுருட்டுவதில்லை. காபன் உள்ள வாயுவைச் சூடான உலோகத் துகள்கள்மீது செலுத்தினால் குழாய்கள் தாமாக வளரும். 1991இல் ஜப்பானின் சுமியோ இஜிமா இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்து எழுதிய பிறகுதான் உலகம் இவற்றைக் கவனித்தது.

நீளம் ஏன் முக்கியம்? ஒரு பிடி அரிசிமாவை உருண்டைகளாகப் பிடித்துத் தட்டில் பரப்பினால் ஒன்றையொன்று தொடாமல் கிடக்கும். அதே மாவை இடியப்ப உரலில் போட்டுப் பிழிந்தால் தட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழைகள் பின்னிக்கொள்ளும். நனோகுழாயும் அப்படித்தான். எபொக்சிப் பிசினில் எடையில் 1 சதவீதத்துக்கும் குறைவாகக் கலந்தாலே மின்சாரம் போக ஒரு வலை உண்டாகிவிடும். கரித்தூளில் அதே வேலைக்கு வழக்கமாகப் பல மடங்கு தேவை.

உள்ளே வந்த அலை இலத்திரன்களை முன்னும் பின்னும் இழுக்கிறது. அவை குழாய்க்குள் ஓடி, ஒரு குழாயிலிருந்து அடுத்ததற்குத் தாவி, ஒவ்வொரு தடையிலும் சக்தியை இழக்கின்றன. போன சக்தி வெப்பமாகிறது. தொலைவிலிருந்து வரும் ராடார் அலை மிகப் பலவீனமானது என்பதால் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியாது.

தடிப்பும் சும்மா வைப்பதல்ல. 10 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் காற்றில் 3 சென்ரிமீற்றர். மின்னுழைமை (மின்புலத்துக்குப் பொருள் எவ்வளவு இசைகிறது என்ற அளவு) 9 உள்ள பொருளுக்குள் அது 1 சென்ரிமீற்றராகச் சுருங்கும். அதில் கால்பங்கு, அதாவது 2.5 மில்லிமீற்றர் தடிப்பில் பூசினால், மேற்பரப்பில் திரும்பும் அலையும் உலோகத்தில் பட்டுத் திரும்பும் அலையும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழிக்கும். ஒரே குறை, மீடிறன் மாறினால் இந்த வித்தை பிசகிவிடும்.

எடையில்தான் நனோகுழாயின் பெருமை. ஒரு சதுர மீற்றருக்கு 2 மில்லிமீற்றர் தடிப்பில் பெரைட்டில் (இதுவும் அலையை விழுங்கும், இரும்பு ஒட்சைட்டாலான காந்தப் பொருள்) முழுப் பலகை வைத்தால் ஏறக்குறைய 10 கிலோ. நனோகுழாய் கலந்த எபொக்சி 2.4 கிலோ அளவில் முடியும், நுரையாக்கினால் இன்னும் குறையும். பறக்கிற பொருளுக்கு இந்த வித்தியாசம் பெரிது. ஆனால் நனோகுழாய்க்குக் காந்த இழப்பு, அதாவது அலையின் காந்தப் பகுதியை விழுங்கும் திறன், இல்லை. அதனால் சிலர் பெரைட் துகளையும் கொஞ்சம் கலந்துகொள்கிறார்கள்.

தொல்லை கலக்குவதில் இருக்கிறது. குழாய்கள் எண்ணெய் தேய்க்காத தலைமுடிபோலச் சிக்கிக் கட்டியாகும், பிசினும் கஞ்சிபோல் இறுகும். கட்டி உள்ள இடம் ஒரு குட்டிக் கண்ணாடி, இல்லாத இடம் வெறும் பிசின். அதனால் மீயொலியால் மணிக்கணக்கில் உலுக்கிக் கலக்குகிறார்கள். அளவுக்கு மீறி உலுக்கினால் குழாயே ஒடிந்துவிடும்.

இத்தனையும் சரியாக வந்து 90 சதவீத அலையை விழுங்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோமீற்றரில் தெரிந்த விமானம் இனி 10 கிலோமீற்றரில்தான் தெரியுமா? இல்லை, 56இலேயே தெரியும். எதிரொலியின் பலம் தூரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்மாறாகக் குறைவதால் வந்த வினை இது. 99 சதவீதம் விழுங்கினாலும் 32 கிலோமீற்றர். அதனால்தான் மறைவிமானம் செய்கிறவர்கள் முதலில் உருவத்தைச் சாய்த்து, வந்த அலையை வேறு திசைக்குத் திருப்புகிறார்கள். பூச்சு அதற்கு அப்புறம்தான்.